12½ கன அடி வேம்பு போச்சு, எட்டேகால்தான் வந்தது. மீதி எங்கே?

14 மே 2023, இரவு 10.50

கொல்லையில் நின்ற வேம்பு போன மாதக் காற்றில் சாய்ந்துவிட்டது. அப்பா நட்ட மரம். விறகுக்குக் கொடுக்க மனசில்லாமல் நிலை, கதவுக்கு ஆகும் என்று கிளையெல்லாம் கழித்து, அடிமரத்தை மட்டும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு செங்கோட்டைப் பக்கம் ஒரு சா மில்லுக்குப் போனேன். சுற்றளவு 60 அங்குலம், நீளம் 8 அடி. மரவாடிக் கணக்கு எல்லோருக்கும் தெரியும்: சுற்றளவில் கால் பங்கு 15, அதை அதே 15-ஆல் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் 12½ கன அடி. அறுத்து வந்த சட்டம், பலகை எல்லாவற்றையும் வீட்டுத் திண்ணையில் போட்டு டேப் வைத்து அளந்தேன். எட்டேகால். நாலேகால் கன அடி வேம்பு எங்கே போனது? கூலியும் வாங்கிக்கொண்டு, பிளேடு போச்சு என்று தனியாக 600 ரூபாயும் வாங்கினார்கள். இரண்டு பலகை வேறு பாம்பு மாதிரி நெளிந்திருக்கிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள், இது வழக்கமா, இல்லை என் நெற்றியில் ஏதாவது எழுதி ஒட்டியிருக்கிறதா?

14 மே, இரவு 11.35

எந்த மெஷின் என்று ஒருத்தர் கேட்டிருக்கிறார். பேண்ட் சா. இரண்டு பெரிய சக்கரம், ஒன்று தரைக்குக் கீழே பள்ளத்தில், ஒன்று தலைக்கு மேலே, நடுவே பெல்ட் மாதிரி ஓடும் பிளேடு. மரம் தண்டவாளத்தில் போகும் டிராலியில் கொக்கி போட்டு நிற்கிறது, இரண்டு பேர் தள்ளுகிறார்கள். பக்கத்தில் ஒரு மேஜையில் சர்க்குலர் சாவும் இருந்தது, ஓரம் எடுக்க.

15 மே, காலை 6.20

தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டேன். ஆசாரிமார் சொல்லும் நூல் கணக்கிலேயே சொல்கிறேன், 8 நூல் ஒரு அங்குலம். ரம்பம் போகும் தடத்தில் உள்ள மரம் தூளாகிவிடும் இல்லையா, அந்தத் தடம் பெரிய சர்க்குலர் சாவில் ஏறக்குறைய 2 நூல், பேண்ட் சாவில் 1 நூல், இப்போது வருகிற படுக்கைவச மெல்லிய பிளேடு மெஷின்களில் அரை நூல்.

12 அங்குலச் சதுரக் கட்டை ஒன்று, அதாவது 96 நூல். அதில் ஒரு அங்குலப் பலகை போட்டால் சர்க்குலரில் 9, பேண்ட் சாவில் 10, மெல்லிய பிளேடில் 11. ஒரே கட்டை! ஆக பிளேடு தடிமன்தான் திருடன் என்பது என் கட்சி. அந்த மில்லில் பழைய தடித்த பிளேடு ஓட்டுகிறார்கள், அதில்தான் என் மரம் போயிருக்கிறது.

15 மே, காலை 9.05

செயின் சாவில் பலகை போட்டால் என்ன ஆகும் என்று கேட்ட தம்பிக்கு: செயின் சா தடம் 3 நூல் வரும். கணக்குப்படி அதிலும் 9. ஆமாம், சர்க்குலருக்குச் சமம், எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் சர்க்குலரில் 9 போட்ட பிறகு முக்கால் அங்குலம் மீதி நிற்கும், செயின் சாவில் ஒன்றும் நிற்காது. அதில் வருகிற மேற்பரப்பைப் பார்த்தால் ஆசாரி இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார். மரம் சாய்க்கவும் துண்டு போடவும்தான் அது.

அப்புறம் ஒரு வேடிக்கை. பல் வைத்த சங்கிலியால் அறுப்பது முதலில் மரத்துக்கு வந்த யோசனை இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் இரண்டு பேர் எலும்பு அறுக்கக் கையால் இழுக்கும் சங்கிலி ரம்பம் செய்தார்கள், சிக்கலான பிரசவத்தில் இடுப்பெலும்பு இணைப்பை வெட்டுவதற்கு. இதை வீட்டில் சொன்னேன், காப்பி ஆறிப்போய்த்தான் வந்தது.

16 மே, மாலை

எல்லோரும் நில்லுங்கள், விஷயம் நான் நினைத்ததைவிட மோசம்.

மரவாடிக் கணக்கு உண்மையான கன அளவு இல்லையாம். 1736-இல் எட்வர்ட் ஹாப்பஸ் என்ற இங்கிலாந்துக்காரர் அச்சுப் போட்ட அளவைக் கணக்கு அது, வெள்ளைக்காரன் போன பிறகும் நம் ஊர் மரவாடிகளை விட்டுப் போகவில்லை. உருட்டு மரத்தைச் சதுரமாக்கும்போது போகிற ஓரத்துக்கு முன்கூட்டியே கழிவு விட்டு, உண்மையில் இருப்பதில் 78½ சதவீதத்தைத்தான் காட்டும். அப்படியானால் என் 12½ உண்மையில் 15.9 கன அடி. வந்தது எட்டேகால். காணாமல் போனது நாலேகால் இல்லை, ஏழரைக்கு மேல்!

16 மே, இரவு

இங்கே மில் வைத்திருக்கிற ஒரு அண்ணாச்சி ஒரே வரி எழுதியிருக்கிறார்: “பட்டையோட அளந்தீகளா, உரிச்சு அளந்தீகளா?”

பட்டையோடுதான்.

17 மே, காலை 7.00

வேம்புக்குப் பட்டை தடிமன். கொல்லையில் கிடக்கிற துண்டில் அளந்தேன், முக்கால் அங்குலம். இரண்டு பக்கமும் சேர்த்து விட்டத்தில் ஒன்றரை அங்குலம் போச்சு. 19.1 அங்குல விட்டம் 17.6 ஆகிறது, 15.9 கன அடி பதின்மூன்றரை ஆகிறது. மரவாடிக் கணக்கிலேயே பட்டை நீக்கி அளந்திருந்தால் 12½ என்று சொல்லியிருக்க மாட்டேன், பத்தரையைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். அண்ணாச்சி ஒரு வரியில் என் ‘திருட்டில்’ இரண்டு கன அடியைப் பட்டையாக்கிவிட்டார்.

ஆனாலும் பதின்மூன்றரைக்கு எட்டேகால் என்பது நூற்றுக்கு 61. அதை விடமாட்டேன்.

17 மே, மதியம்

ஓரப்பலகை எங்கே என்று கேட்கிறார்கள். உருண்டை மரத்தில் முதல் அறுப்பில் பட்டையோடு வந்து விழுமே, ஒரு பக்கம் வளைந்து ஒரு பக்கம் தட்டையாக, அது. எங்கள் பக்கத்து வழக்கத்தில் தூள் மில்லுக்கு, ஓரம் மரத்துக்காரனுக்கு.

17 மே, மதியம், ஐந்து நிமிடம் கழித்து

கொட்டகைக்குப் பின்னால் இருக்கிறது. டிராக்டர்காரர் இறக்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார், நான் பார்க்கவே இல்லை. அளக்கலாம் என்று டேப்போடு போனேன். பாதிக்கு மேல் அம்மா அடுப்பில் வைத்துவிட்டார்கள். “நல்லா எரியுதுடா, கொசுவும் வரல” என்கிறார்கள்.

இந்த இழையின் தலைப்பை மாற்ற வழி உண்டா?

19 மே

தலைப்பை மாற்ற முடியாதாம். சரி, கிடக்கட்டும். தூள் எவ்வளவு போயிருக்கும் என்றும் கணக்குப் போட்டுவிட்டேன்: ஒன்றேகால் அங்குலப் பலகைக்கு 10 நூல் மரம், 1 நூல் தூள், பதினொன்றில் ஒரு பங்கு. என் மரத்தில் ஒரு கன அடிக்குள் அடங்கிவிடும். மற்றது ஓரம், அதாவது அம்மாவின் அடுப்பு.

இதில் 15-ஆம் தேதி நான் பெரிசாகப் போட்ட 9, 10, 11 கணக்கும் அடிபடுகிறது. பச்சை மரத்தில் ஒரு அங்குலத்துக்கு யாரும் அறுப்பதில்லை. காய்ந்தால் சுருங்கும், இழைத்தால் இன்னும் போகும், முடிவில் முக்கால் அங்குலம் கையில் நின்றால் பெரிசு. அதனால் ஒன்றேகாலில் போடுவார்கள். 96 நூல் கட்டையில் 10 நூல் பலகை போட்டுப் பாருங்கள். சர்க்குலரில் 8. பேண்ட் சாவிலும் 8. மெல்லிய பிளேடில் 9. தடிமனை ஒரு கால் அங்குலம் மாற்றியதும் நான் மார்தட்டிய வித்தியாசம் மாயமாகிவிட்டது. ஒரு கட்டையைப் பார்த்து எந்த மெஷின் உசத்தி என்று சொல்லக்கூடாது போல. நாள் முழுக்க நூறு கட்டை அறுக்கும் மில்லுக்கு அந்த அரை நூல் பணம், ஒரு வேம்பு வைத்திருப்பவனுக்கு மேஸ்திரி முதல் அறுப்பை எந்தப் பக்கம் வைக்கிறார் என்பதுதான் பணம்.

20 மே

அந்த முதல் அறுப்பைப் பற்றிக் கேட்டதால் நீளமாகவே எழுதுகிறேன்.

என் மரம் டிராலியில் ஏறியதும் மேஸ்திரி மெஷினைப் போடவில்லை. இரண்டு முனையையும் குனிந்து பார்த்தார், கம்பியால் புரட்டினார், திரும்பப் பார்த்தார், பீடியை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி புரட்டினார். மரம் லேசாக வில் மாதிரி வளைந்திருந்தது. அந்த வளைவு மேலே வருகிற மாதிரியா பக்கவாட்டில் வருகிற மாதிரியா என்பதில் இரண்டு பலகை கூடும் குறையும். நடுக்குருத்து பலகைக்குள் மாட்டினால் காயும்போது வெடிக்கும், அதனால் குருத்து வருகிற இடத்தைச் சட்டமாக ஒதுக்கினார். ஒரு பக்கம் இரண்டு அறுப்பு போட்டதும் நிறுத்தி மரத்தைத் திருப்பினார். நான் ‘நேரம் கடத்துகிறார்’ என்று நினைத்து டீ குடிக்கப் போனேன். வளர்ந்த மரத்துக்குள் இறுக்கம் இருக்கும், ஒரே பக்கமாக எடுத்துக்கொண்டே போனால் மீதிக் கட்டை வளைந்துவிடும், யூகலிப்டஸ் எல்லாம் அறுக்கும்போதே முனை பிளந்து விரியும் என்று இங்கே அண்ணாச்சி சொன்ன பிறகுதான் புரிந்தது.

சர்க்குலர் சாவை ஏன் முதல் அறுப்புக்கு வைப்பதில்லை என்று கேட்டவருக்கு: வட்ட பிளேடு தன் விட்டத்தில் பாதிகூட இறங்காது, நடுவில் அச்சு இருக்கிறதே. 36 அங்குல பிளேடு வாங்கினாலும் பதினைந்து பதினாறு அங்குலக் கட்டைக்குமேல் போகாது. பிளேடு பெரிதானால் தகடும் தடிக்க வேண்டும், தடித்தால் தூள் கூடும்.

22 மே

பேண்ட் சா வேகம். மேஸ்திரியிடம் போனில் கேட்டேன் (ஆமாம், பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டது). சக்கரம் 42 அங்குலம், நிமிடத்துக்கு 600 சுற்று. 42-ஐ 3.14-ஆல் பெருக்கினால் ஒரு சுற்றுக்கு 11 அடி, நிமிடத்துக்கு 6,600 அடி. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் பல் போகிறது. சென்னை பஸ்ஸைவிட வேகம்.

இந்த மெஷின் யோசனை 1808-லேயே லண்டனில் வில்லியம் நியூபெரி காப்புரிமை வாங்கியது. ஆனால் நீளத் தகட்டை வளையமாக ஒட்டினால் ஒட்டுப்போட்ட இடம் சக்கரத்தில் வளைந்து நிமிர்ந்து முறிந்துகொண்டே இருந்தது. பாரிஸில் க்ரெபின் என்ற பெண் 1846-இல் ஒட்டும் முறைக்கு வழி கண்ட பிறகுதான் இது தொழிலுக்கு வந்தது. இன்றைக்கும் மில்லில் பிளேடு அறுந்தால் முதலில் ஒட்டைத்தான் தடவிப் பார்க்கிறார்கள்.

25 மே

நெளிந்த இரண்டு பலகையைப் பற்றி விடாமல் கேட்கிறீர்கள். 600 ரூபாயைப் பற்றியும். சொல்லிவிடுகிறேன்.

மரத்தை ஏற்றும்போது மேஸ்திரி கேட்டார், “ஆணி கீணி இருக்கா அண்ணாச்சி?” வீட்டு மரம், தெரு மரமா என்ன, ஒன்றும் இல்லை என்றேன். அவர் அடிமுனையைக் காட்டினார். வைரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நீலக்கறுப்பாக மை கொட்டின மாதிரி ஒரு கறை. “இரும்பு இருந்தாத்தான் இப்படி ஓடும்” என்றார். நான் படித்தவன் இல்லையா, அது பூஞ்சை என்றேன்.

நாலாவது அறுப்பில் டங் என்று ஒரு சத்தம், தீப்பொறி, டிராலி தள்ளிய பையன் பின்னால் குதித்தான். மெஷினை நிறுத்தினாலும் சக்கரம் உடனே நிற்காது, அதன் பாட்டுக்கு ஓடி ஓயும், அத்தனை நேரமும் யாரும் பேசவில்லை. பலகையைப் பிளந்து பார்த்தால் விரல் தடிமன் இரும்புக் கொக்கி, பாதியாக வெட்டுப்பட்டு வெள்ளியாக மின்னுகிறது. எனக்கு ஆறு வயதில் அப்பா ஊஞ்சல் கட்டியது. கிளையில் கட்டினால் ஒடியும் என்று அடிமரத்தில் கொக்கி அடித்து, எதிரே மாட்டுக்கொட்டகைத் தூணுக்கும் அதற்குமாகக் குறுக்குக் கம்பு கட்டினார். மரம் அதை முழுசாக விழுங்கி, மேலே பட்டையும் போர்த்திக்கொண்டது. நானும் மறந்துவிட்டேன்.

பிளேடில் ஒரு பக்கப் பல் வரிசை மழுங்கிப் போனது. பல் ஒன்று இடது ஒன்று வலது என்று சாய்ந்திருப்பதால்தான் தகடு சிக்காமல் போகிறது. ஒரு பக்கம் மழுங்கினால் பிளேடு கூரான பக்கமே இழுக்கும், அறுப்பு ஓடிப்போகும். மேஸ்திரி அதைக் கண்டுபிடித்து பிளேடை மாற்றுவதற்குள் போன இரண்டு பலகைதான் அந்த நெளிவு. 600 ரூபாய் குறைவு, புது பிளேடுக்குக் கேட்டிருந்தால் கொடுத்திருக்க வேண்டும். முதல் பதிவில் இதை எழுதாமல் விட்டது என் தப்பு.

25 மே, இரவு

திட்டியவர்கள் எல்லோருக்கும் நன்றி, போதும்.

28 மே

பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். 84 வயது, இளமையில் குழி ரம்பம் இழுத்தவர். குழிக்கு மேலே கட்டையைப் படுக்கவைத்து, கரி தடவிய நூலைச் சுண்டிக் கோடு போட்டு, மேலே ஒருவர் கீழே ஒருவர். கீழே இழுக்கும்போதுதான் அறுக்கும். மேலே நிற்பவர் கோட்டைப் பார்த்து ரம்பத்தைத் தூக்குவார், அவருக்குத்தான் மரியாதை, கூலியும் கூட. பெரியப்பா கீழே. முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தூளில் நிற்க வேண்டும். “மேல நிக்கிறவன் தும்மினாக்கூட எனக்குத்தான் விழும்” என்று இப்போதும் சொல்கிறார். இருமலும் அன்றிலிருந்து கூடவே இருக்கிறது. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகுப்பில் சேர்த்திருக்கிறது, மூக்குப் பக்கம் வருமாம். அன்று பார்த்த மில்லில் நாலு பேரில் ஒருவர்கூட முகத்தில் துணி கட்டியிருக்கவில்லை.

29 மே

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் ‘ரம்பம்’ என்று எழுதாதீர்கள், நாங்கள் ‘வாள்’ என்போம், மரம் அறுப்பதில்லை, ‘அரிவோம்’, மரவாடி எங்களுக்கு ‘மரக்காலை’ என்று எழுதியிருக்கிறார். மரக்காலை நல்ல சொல். குமரி மாவட்டத்துக்காரர் ஒருவர் உடனே வந்து எங்களுக்கும் வாள்தான் என்கிறார். சண்டை போடாதீர்கள், தூள் எல்லோருக்கும் தூள்தான்.

30 மே

தூள் என்றதும் மரத்தூள் அடுப்பு. சின்ன வயதில் மில்லிலிருந்து சாக்கில் வாங்கி வருவது என் வேலை. தகர அடுப்பின் நடுவே ஒரு பாட்டிலை நிறுத்தி, கீழே வாயில் ஒரு கட்டையைச் செருகி, சுற்றித் தூளைக் கொட்டி முஷ்டியால் குத்திக் குத்தி இறுக்க வேண்டும். பாட்டிலை உருவும்போது கை நடுங்கினால் முழுசும் சரிந்துவிடும், முதுகில் ஒன்று விழும். சரியாக அமைந்தால் காலைச் சமையல் முழுக்க அதிலேயே முடியும். ஈரத்தூள் வாங்கி வந்தால் வீடு முழுக்கப் புகை. இப்போது அந்தத் தூள் செங்கல் சூளைக்குப் போகிறதாம்.

4 ஜூன்

நம் பக்கம் ஏன் மெல்லிய பிளேடு மெஷினோடு புது மில்கள் நிறைய வரவில்லை என்ற கேள்விக்கு விலை மட்டும் காரணமில்லை. கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டியதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்துக் கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பரில் வந்த உத்தரவு நாடு முழுக்கக் காட்டு மர வெட்டையும் உரிமமில்லாத மில்களையும் பிடித்தது. 2002-இல் புது மில்லுக்கு முன் அனுமதி கட்டாயம் என்றார்கள். அதனால் பழைய உரிமம் உள்ள இடத்திலேயே பழைய மெஷினைப் பழுது பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் அதிகம். காட்டுக்கு நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை.

18 ஜூன்

சாரல் ஆரம்பித்துவிட்டது. பலகைகளைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன், ஒரு வாரத்தில் நாலு பலகை கிண்ணி மாதிரி குழிந்துவிட்டன. ஆசாரி வந்து தலையில் அடித்துக்கொண்டார். தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி, பலகைக்குப் பலகை இடையில் ஒரே தடிமன் குச்சி வைத்து, மேல் குச்சி கீழ்க் குச்சிக்கு நேராக இருக்கும்படி அடுக்கி, உச்சியில் கல் ஏற்றி, முனைகளுக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னார். முனை வழியாகத்தான் ஈரம் சீக்கிரம் ஓடும், அதனால்தான் அங்கே வெடிக்கிறது. ஒரு அங்குலத் தடிமனுக்கு ஒரு வருடம் காய வேண்டும் என்பது அவர் கணக்கு. அவசரப்படுகிறவர்களுக்குச் சூளையில் சூடேற்றி உலர்த்திக் கொடுக்கிற இடமும் உண்டு. இரண்டு கதவுக்கு அங்கே அலைய எனக்குத் தெம்பில்லை.

2 செப்டம்பர் 2024

பழைய இழையைத் தோண்டியதற்கு மன்னிக்கவும், கதவு என்னாச்சு என்று மூன்று பேர் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். மாட்டியாச்சு. ஒன்றேகால் அங்குலம் முக்கால் அங்குலமாக நின்றது, இழைப்பு மெஷினில் போன தூளைப் பார்த்தால் ரம்பத்தை மன்னித்துவிடலாம். கொக்கி இருந்த பலகையை ஆசாரி ஒதுக்கச் சொன்னார், நான் கேட்கவில்லை. கறை உள்பக்கம் வருகிற மாதிரி சாமி அறைக் கதவில் இருக்கிறது.

போன வாரம் சாலையோரத்து வயலில் விழுந்த பூவரசு ஒன்றை அதே மில்லுக்குக் கொண்டுபோனேன். பட்டை உரித்து, அளந்து, தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். மில் ஜன்னல் திண்டில் மேஸ்திரி ஒரு வரிசை வைத்திருக்கிறார்: மரத்துக்குள் கிடைத்த ஆணிகள், லாடம், விளம்பரப் பலகை போல்ட், கம்பத்தில் வரும் பீங்கான் குமிழ் ஒன்று, கடைசியில் என் பாதிக் கொக்கி. பூவரசை டிராலியில் ஏற்றிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். “இதுல யாரும் ஊஞ்சல் ஆடலியே?”

தெரியாது என்றேன். போய் காந்தத்தை எடுத்து வந்தார்.